இறக்கத்தில் பிரேக் மெத்தென்று அமுங்குகிறதே?

கே: கோத்தகிரியிலிருந்து தினமும் மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போகிறேன். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். மலை இறங்கி முடிக்கும்போது முன் பிரேக் லீவர் மெத்தென்று அமுங்குகிறது. பிரேக் பேட் மாற்றியும் பலனில்லை. பனிமூட்டத்துக்கு எல்இடி விளக்கு போடலாமா?
– வாசகர், கோத்தகிரி

ப: பேடை விடுங்க தம்பி, பிரேக் ஆயிலைப் பாருங்க. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம்ம ஊர் ஈரத்தைக் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறினால் 155 வரைக்கும்கூட இறங்கும். வளைவுக்கு வளைவு பிரேக்கையே பிடித்து வந்தால் காலிப்பரில், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகத்தில், ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். அப்புறம் லீவரை அழுத்தினால் குமிழிதான் நசுங்கும், பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்காது. ஹேண்டில்பாரில் இருக்கும் ஆயில் டப்பாவின் கண்ணாடியில் டிகாஷன் நிறம் தெரிந்தால் உடனே மாற்றுங்க. தெரியாவிட்டாலும் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டில் வேண்டாம், சீல் பிரிக்காதது வாங்குங்க. மாற்றும்போது பிரேக் குழாயில் இருக்கும் காற்றையும் சுத்தமாக வெளியேற்றச் சொல்லுங்க.

ஏறின கியரிலேயே இறங்குங்க, இன்ஜினே வேகத்தை அடக்கும், பிரேக் சூடேறாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

விளக்கு போடலாம். ஆனால் ஹெட்லைட்டுக்குக் கீழே, தாழ்வாக, தரையைப் பார்க்கிற மாதிரி; ரிலே (விளக்கின் கரண்டைத் தாங்கும் தனி சுவிட்ச்), ஃப்யூஸ் கட்டாயம். மேலே மாட்டினால் பனியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஹை பீமும் அப்படித்தான்.

சைலன்சர் மாற்றலாமா என்று கேட்காத முதல் ஹிமாலயன்காரர் நீங்கள்தான்!