கண்ணாடி மட்டும் ஒல்லி என்கிறது

கேள்வி: எனக்கு வயது 24. உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ, இடுப்பு 80 செ.மீ. மூன்று வருடமாக ஒருநாள் விடாமல் ஜிம்முக்குப் போகிறேன். பார்ப்பவர்கள் நல்ல உடம்பு என்கிறார்கள். எனக்கோ கை குச்சியாகத் தெரிகிறது. மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் தொளதொளவென்று இருக்கிறது. உள்ளே இரண்டு பனியன் போடாமல் வெளியே போவதில்லை. எட்டாம் வகுப்பில் விளையாட்டு நேரத்தில் சட்டையைக் கழற்றியபோது பையன்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு கோர்ஸ் ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் உடம்பு மாறிவிடும் என்கிறார் ட்ரெய்னர். யோசித்துக்கொண்டிருக்கிறேன். போடலாமா? வீட்டில் சொன்னால், ஆம்பளைக்கு எதற்கு இந்தக் கவலை என்பார்கள்.

பதில்: தம்பி, ஊசிக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம்.

ட்ரெய்னர் சொல்வது அநேகமாக அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அல்லது அதன் உறவுக்கார மருந்து. (ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டு மூச்சுத் திணறலோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.) ஊசியால் தசை ஏறும், அதில் பொய் இல்லை. ஆனால் ஜிம்களில் புழங்கும் அளவு, அந்த ஹார்மோன் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர்களாகிய நாங்கள் தருவதைப்போல் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே போகும். வெளியிலிருந்து இவ்வளவு வந்து குவிந்தால், ‘இனி நாம் சுரக்க வேண்டியதில்லை’ என்று மூளை விதைகளுக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும். விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்திய பிறகு அது திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாக வருவதே இல்லை. இதயத் தசை தடிப்பது, நல்ல கொழுப்பு குறைவது, முதுகெல்லாம் பரு, எடுத்ததற்கெல்லாம் கோபம் எல்லாம் கூடவே வரும். நிறுத்தும்போது கடுமையான மனச்சோர்வும் வரலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு, மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஆக்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் ஆணுக்கும் மார்பகம் வளரும். எந்த மார்பை மறைக்க இரண்டு பனியன் போடுகிறீர்களோ, அதையே வளர்த்துவிடக்கூடிய மருந்தைத்தான் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறார்கள்.

சரி, அந்த மார்பைப் பார்ப்போம். மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து, மெதுவாகக் காம்பை நோக்கி நகர்த்துங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லைபோல் கெட்டியாக ஒன்று அகப்பட்டால் அது சுரப்பித் திசுவாக இருக்கலாம். விரல்கள் எதிலும் தடுக்காமல் சேர்ந்துவிட்டால் அது வெறும் கொழுப்பு. இரண்டுமே ஆபத்தில்லாதவை. பருவ வயதில் பையன்களில் பாதிப்பேருக்கு மேல் மார்பு கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வடிந்துவிடும். எட்டாம் வகுப்பில் உங்களைப் பார்த்துச் சிரித்த கூட்டத்திலேயே சிலருக்கு அது இருந்திருக்கும், அவர்கள் சட்டையைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் கல்போல் கட்டி, காம்பிலிருந்து ரத்தம், வேகமாக வளரும் வீக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வருடக்கணக்கில் நிலைத்துவிட்ட சுரப்பித் திசுவை அறுவை சிகிச்சையால் எடுக்கலாம். ஆனால் உங்களுக்கு அந்தப் பேச்சை இப்போதே எடுக்க மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. 23. இடுப்பளவு உயரத்தில் பாதிக்கும் குறைவு. மூன்று வருடப் பயிற்சி வேறு. கடிதத்தை வைத்துச் சொல்லக்கூடிய வரையில் உங்கள் உடம்பில் குறை எதுவும் தெரியவில்லை. அதனால், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் கையை அளக்க மாட்டேன், வேறு கேள்விகள் கேட்பேன். உடம்பைப் பற்றிய நினைப்பில் ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது? ஒரு மணி நேரத்துக்கு மேலா? மொபைலில் உங்கள் தோள், கை, வயிறு படங்கள் எத்தனை இருக்கின்றன? போகிற வழியில் கார்க் கண்ணாடியிலும் கடைக் கண்ணாடியிலும் கை எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போகிறீர்களா? காய்ச்சலிலும் ஜிம்முக்குப் போயிருக்கிறீர்களா? சட்டையைக் கழற்ற வேண்டிவரும் என்பதற்காக எத்தனை அழைப்புகளைத் தட்டிக்கழித்தீர்கள்?

பதில்கள் ‘ஆமாம்’ பக்கம் சாய்ந்தால், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: தசை டிஸ்மார்ஃபியா. கட்டான உடம்பு இருந்தும் தான் ஒல்லி, தசையே இல்லை என்று மனம் அடித்துச் சொல்லும் நிலை. 1993-ல் ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் உடனிருந்தவர்களும் பாடி பில்டர்களிடம் இதைக் கண்டு, பட்டினி கிடந்து மெலியும் அனோரெக்ஸியா நோயைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது என்று எழுதினார்கள். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூல், இதை உடல்தோற்றக் குறைபாட்டு நோயின் (பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தன் உடம்பில் பெரிதாகக் கண்டு வருந்தும் மனநோய்) ஒரு வகையாகச் சேர்த்துக்கொண்டது. இந்த நோய் பெரும்பாலும் 18 வயதுக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு நினைவை நீங்கள் கடிதத்தில் எழுதியது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கடிதத்தை வைத்து நோய் என்று நான் முத்திரை குத்திவிட முடியாது. நேரில் பேசித்தான் சொல்ல முடியும். ஆனால் வெட்கப்பட இதில் எதுவும் இல்லை, நீங்கள் ஒருவர் மட்டும் இப்படி என்றும் நினைக்காதீர்கள். அதே போப் குழு 1999-ல் பொம்மைகளை அளந்தது. ஜி.ஐ.ஜோ என்ற போர்வீரன் பொம்மையை நிஜ மனிதன் உயரத்துக்குப் பெரிதாக்கினால், 1964-ல் வந்ததற்கு மேல்கைச் சுற்றளவு சுமார் 12 அங்குலம். 1990-களின் கடைசியில் வந்த ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 27. அந்தக் கையோடு நிஜத்தில் ஒருவர் தலை சீவ முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம். அடுத்த வருடம் வெளியான ஆய்வில் மூன்று நாட்டு இளைஞர்களிடம் உடல் படங்களைக் காட்டி, பெண்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டார்கள். தங்களிடம் இருப்பதைவிட 13 கிலோவுக்கு மேல் தசை கூடிய உடம்பைக் காட்டினார்கள். பெண்களைக் கேட்டால், கூடுதல் தசை எதுவும் இல்லாத சாதாரண உடம்பைத்தான் காட்டினார்கள்.

இப்போது பொம்மைக்குப் பதில் மொபைல். அதில் வரும் சிக்ஸ் பேக் படங்களில் பல, தண்ணீரைக் குறைத்து, எடுப்பதற்குச் சற்றுமுன் தண்டால் போட்டுத் தசையை உப்ப வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தவை. அந்த ஆளே மறுநாள் காலை கண்ணாடியில் அப்படித் தெரிய மாட்டார். முகத்துக்கு அருகில் வைத்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு நிஜத்தைவிட அகலமாக விழுவதும் இதுபோலத்தான். அது லென்ஸ் செய்யும் வேலை.

சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. சி.பி.டி. எனப்படும் பேச்சு சிகிச்சையில் உங்கள் சிகிச்சையாளரோடு சேர்ந்து படிப்படியாகப் போவீர்கள். முதலில் ஒரு பனியன் மட்டும் போட்டு வெளியே போய் வருவது, கண்ணாடி முன் நிற்பதைக் காலை, மாலை என்று சுருக்குவது, அப்புறம் கைப் படங்களை அழிப்பது என்று. முதல் வாரம் நெஞ்சு படபடக்கும், அது எதிர்பார்த்ததுதான். தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை தருவோம். வேலை செய்ய மூன்று மாதம்வரை ஆகலாம், பத்து நாளில் நிறுத்திவிடக் கூடாது. ஜிம்மை விடச் சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் போகாமல் இருங்கள். அந்த இரண்டு நாளும் எப்படிப் போகின்றன என்பதிலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மார்பு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொன்னதும் இதனால்தான். இந்த மனநிலையில் செய்துகொள்பவர்களுக்கு அநேகமாகத் திருப்தி வருவதில்லை, கவலை மார்பிலிருந்து மூக்குக்கோ முடிக்கோ இடம் மாறிவிடுகிறது.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்திருக்கிறதா? இந்த நோயில் அது அரிதல்ல. வந்தால் அன்றே, அருகில் நம்பும் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் என்ன சொல்வது என்று தவிக்க வேண்டாம். ‘உடம்பைப் பற்றிய நினைப்பில் தினமும் இத்தனை மணி நேரம் போகிறது, அதற்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அழகைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், மணிக்கணக்கைச் சொன்னால் கேட்பார்கள். மனநல மருத்துவரிடமும் அதே வாக்கியத்தில் ஆரம்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுதுபவர்களில் சிலர் ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள். நீங்களும் அப்படி என்றால் திட்ட மாட்டோம், யாரிடமும் சொல்லவும் மாட்டோம். மருந்துப் புட்டியை ஒரு படம் எடுத்துக்கொண்டு, எத்தனை ஊசி, கடைசி எப்போது, ஊசியை யாரோடாவது பகிர்ந்தீர்களா என்பதைக் குறித்து எடுத்து வாருங்கள். அதைப் பார்த்துத்தான் ரத்தப் பரிசோதனை எழுத முடியும்.