பின்களத்தில் நிற்கும் மகன்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து ஹாக்கி ஆடுகிறான். இப்போது பள்ளி அணியிலும் மாவட்ட அணியிலும் லெஃப்ட் ஃபுல் பேக், அதாவது இடது பக்கப் பின்கள வீரன். அவனுடைய பள்ளி மாஸ்டர், “இவனை விட்டுவிடாதீர்கள், மேலே போவான்” என்கிறார். சென்ற மாதம் வெளியூரில் செயற்கைத் தளத்தில் நடந்த தேர்வுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு பயிற்சியாளர், “உயரம் 5 அடி 6 அங்குலம்தான், வேகமும் போதாது, கல்லூரி அணியோடு நின்றுவிடும்” என்று சொல்லிவிட்டார். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதோடு நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள் என்கிறார் என் மனைவி. எனக்கு ஹாக்கி தெரியாது. இவன் தொழில்முறை ஆட்டக்காரனாக வருவானா என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதால் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். அவர்கள் இருவரும் பார்த்தது ஒரே ஆட்டத்தை அல்ல. மாஸ்டர் உங்கள் மகனை ஐந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். அந்தப் பயிற்சியாளர் ஒரு நாள், அதிலும் அநேகமாக அரை மணி நேரம், பார்த்திருப்பார். முன்கள வீரன் என்றால் அரை மணி நேரத்தில் தன் திறமையை ஓரளவு காட்டிவிடலாம். நான்கு பேரைக் கடந்து ஒரு கோல் போட்டால் போதும். பின்கள வீரனுக்கு அந்த வசதி கிடையாது. பந்து அவன் பக்கம் வர வேண்டும், வரும்போது பக்கத்தில் நிற்பவன் யார், அவன் எப்படி நகர்வான் என்பது தெரிந்திருக்க வேண்டும். முன்பின் அறியாத பத்துப் பேரோடு நிறுத்திவைத்து ஒரு தடுப்பாட்டக்காரனை எடைபோடுவது மிகவும் கடினம். ஆகவே அந்த ஒரு நாள் தீர்ப்பை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதில் இருக்கும் ‘வேகம்’ என்ற சொல்லை ஒதுக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹாக்கி தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பின்கள வீரனைப் பார்ப்பதற்கு அது பெரிய தடை அல்ல. ஆட்டம் தெரிந்தவர்களின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத இடத்தில்தான் ஃபுல் பேக்கின் பாதி வேலை நடக்கிறது. அடுத்த ஆட்டத்தில் பந்தை மறந்துவிட்டு உங்கள் மகனை மட்டும் பாருங்கள். பந்து எதிர் அணியின் கோல் அருகே இருக்கும்போது அவன் என்ன செய்கிறான்? மட்டையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறானா, அல்லது தன் பகுதியில் தனியாக நிற்கும் எதிரணி வீரனைத் திரும்பிப் பார்த்து, இரண்டடி இந்தப் பக்கம், மூன்றடி அந்தப் பக்கம் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறானா? பக்கத்தில் இருப்பவனிடம் குரல் கொடுக்கிறானா? பந்து வருவதற்கு முன்பே அவன் தலை எத்தனை முறை திரும்புகிறது என்பதைத்தான் நான் முதலில் எண்ணுவேன்.

இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஃபுல் பேக் இடத்துக்கு இரண்டு பையன்கள். ஒருவன் ஆட்டம் முழுக்கச் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தான். ஒவ்வொரு முறையும் கைதட்டல். இன்னொருவன் இருப்பதே தெரியவில்லை. முதலாமவனை எடுத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த இரண்டாமவன் எங்களுக்கு எதிராக வேறோர் அணியில் ஆடினான். எங்கள் முன்கள வீரர்களுக்கு அவன் பக்கத்தில் பந்தே கிடைக்கவில்லை. பந்து வர வேண்டிய இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றான். சறுக்கி விழுந்து காப்பாற்றுகிறவன் பல நேரங்களில் தாமதமாக வந்தவன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பையனுக்கு நான் செய்தது அநீதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் மகன் ஆடுவது இடது பக்கம் என்பதால் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஹாக்கி மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடக்கைக்காரர்களுக்கென்று தனி மட்டையும் இந்த ஆட்டத்தில் கிடையாது. அதனால் எல்லோருக்கும் வலப்பக்கம் பலம். இடப்பக்கத்துக்கு மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் ஆட வேண்டும். லெஃப்ட் ஃபுல் பேக்குக்கு எதிரே வருகிறவர் எதிரணியின் ரைட் விங்கர், அதாவது வலது ஓரத்தில் ஓடும் முன்கள வீரர். அவர் ஓடிவரும் எல்லைக்கோடு நம் பையனின் இடப்பக்கம், அதாவது பலவீனமான பக்கம் இருக்கிறது. கோட்டை நோக்கித் தள்ளினால் ஆபத்தான பகுதியிலிருந்து விலக்கிவிடலாம். ஆனால் திருப்பிய மட்டையால் தடுக்க வேண்டியிருக்கும். உள்ளே வரவிட்டால் மட்டை பலமான பக்கத்துக்கு வந்துவிடும். ஆனால் அவர் ‘டி’க்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள், நுழையும் வழியும் திறந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, அரை நொடியில், கால்களை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். நல்ல லெஃப்ட் ஃபுல் பேக் எதிராளியின் மட்டையைத் துரத்த மாட்டான். உடலைச் சற்றுச் சாய்த்து, பின்வாங்கிக்கொண்டே, அவரைத் தான் விரும்பும் பக்கம் ஓட வைப்பான். அவர் பந்தைக் கட்டுப்பாட்டிலிருந்து ஓர் அடி தள்ளிவிடும் நொடி வரை பொறுத்திருந்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்துத் தடுப்பான். உங்கள் மகன் பின்வாங்குகிறான் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கத்தினால் கவலைப்படாதீர்கள். எதிராளியைக் கண்டதும் பாய்ந்து மட்டையை நீட்டினால் மட்டும் கவலைப்படுங்கள். பள்ளி ஆட்டங்களில் அந்தப் பாய்ச்சல் பலிக்கும், மேலே போகப் போகப் பலிக்காது.

பந்தைப் பறித்த பிறகு என்ன செய்கிறான் என்பது இதற்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. என் காலத்தில் ஃபுல் பேக் என்றால் ஓங்கி அடித்து மறுபாதிக்கு அனுப்பினால் போதும், சபாஷ் என்பார்கள். இன்று தாக்குதல் தொடங்குவதே பின்களத்திலிருந்துதான். எதிரணியின் தவறுக்காக ஃப்ரீ ஹிட் கிடைத்ததும் யாருக்கும் தள்ளாமல் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற விதி 2009இல் வந்தது. அதன் பிறகு ஆட்டத்தின் வேகமே மாறிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அவன் பறித்த பந்து நம் அணி வீரனிடம் போய்ச் சேர்ந்தால் ஒரு கோடு. எதிரணியிடமோ வெளியிலோ போனால் மற்றதில் ஒரு கோடு. இத்தனை கோடு வந்தால் தேறுவான் என்று கணக்குச் சொல்ல மாட்டேன், எதிரணியைப் பொறுத்து அது மாறும். இந்த மாதத்துக் கோடுகளை ஆறு மாதம் கழித்து வரும் கோடுகளோடு ஒப்பிடுங்கள். 16 வயதில் ஒருவன் எந்த உயரத்தில் நிற்கிறான் என்பதைவிட எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறான் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது வேகம். தேர்வு நடந்தது செயற்கைத் தளத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் வழக்கமாக ஆடுவது மண் மைதானத்தில் என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மண்ணில் பந்து துள்ளும், தயங்கும், கல்லில் பட்டுத் திரும்பும். அதற்கேற்ப நிமிர்ந்து நின்று, கடைசி நொடியில் மட்டையை வைக்கும் பழக்கம் வந்துவிடும். தண்ணீர் தெளித்த செயற்கைத் தளத்தில் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு வரும். முழங்காலை மடக்கி, தாழ்ந்து நிற்காதவன் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கணம் பிந்துவான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கால்களின் வேகக் குறைவாகத் தெரியும். கோவில்பட்டி போலவோ சென்னை போலவோ செயற்கைத் தளம் உள்ள ஊரில், விடுமுறையில் இரண்டு வாரமாவது அவன் தொடர்ந்து பயிற்சி எடுக்க வழி செய்யுங்கள். அதற்குப் பிறகும் அவன் பிந்தினால்தான் அந்தப் பயிற்சியாளரின் சொல்லுக்கு முழு எடை.

ஃபுல் பேக்குக்குத் தேவையான வேகம் நூறு மீட்டர் ஓட்டத்தின் வேகம் அல்ல. முதல் ஐந்து அடி, திரும்புதல், மீண்டும் ஐந்து அடி, அவ்வளவுதான். நம் ஊரில் பையன்களை ஏற்காடு மலைப்பாதையில் ஏறி ஓட வைக்கும் வழக்கம் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளை ஓடிக் கடப்பவனுக்கு மூச்சு வலுப்படும், மனமும் உறுதிப்படும். நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் திடீரென்று திரும்புவதற்கு அது உதவாது. இன்றைய ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம்; களத்தில் இருக்கும் நேரம் முழுக்கச் சின்னச் சின்ன வெடிப்பான ஓட்டங்களைத்தான் கேட்கிறது. வாரத்தில் மூன்று நாள் காந்தி ஸ்டேடியத்தில் குறுகிய தூர ஓட்டமும் திரும்பும் பயிற்சியும் செய்யட்டும். இந்த வயதில் இதில் முன்னேற நிறைய இடமிருக்கிறது. உயரம் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஹாக்கியில் குனிந்து நிற்கிறவனுக்குத்தான் வேலை.

தடுப்பாட்டக்காரர்கள் தாமதமாகவே பழுக்கிறார்கள். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தைச் சேர்ந்த அமித் ரோஹிதாஸ் 1993இல் பிறந்தவர். இந்தியப் பின்களத்தின் தூணாக இருந்த அவர் தன் முதல் ஒலிம்பிக்கை ஆடியது 2021இல், டோக்கியோவில், 28ஆம் வயதில். பனித்தரை ஹாக்கி வேறு ஆட்டம்தான். ஆனாலும் அங்கேயும் இதே கதை. சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 1989இல் வட அமெரிக்க லீகின் தேர்வில் 53ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன் 52 பேரை நல்லவர்கள் என்று நினைத்தார்கள். அவர் பின்னாளில் அந்த லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை ஏழு முறை வென்றார். பையன்களை எடைபோடுவதையே வேலையாகக் கொண்டவர்களும் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

அதே ரோஹிதாஸை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மீதி 43 நிமிடங்களை இந்தியா பத்துப் பேரோடு ஆடி, 1–1 என்று சமன் செய்து, ஷூட் அவுட்டில் 4–2 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் பதிவை உங்கள் மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு தூண் போன பிறகு மற்றவர்கள் எப்படி இடம் மாறி நின்றார்கள், தவறு நடந்ததும் யார் யாரைப் பார்த்துக் கத்தாமல் வேலையைப் பார்த்தார்கள் என்று கவனியுங்கள். உங்கள் மகனிடமும் இதைத்தான் பார்க்க வேண்டும். அவனைத் தாண்டி ஒருவன் போய்விட்டால் அடுத்த பத்து நொடி அவன் என்ன செய்கிறான்? உடனே திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, கோபத்தில் பின்னாலிருந்து மட்டையைப் போடுகிறானா? பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடம் அணி ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டும். அட்டை வாங்கும் பழக்கம் உள்ள பின்கள வீரனை, எவ்வளவு திறமை இருந்தாலும், எந்தப் பயிற்சியாளரும் நம்பமாட்டார்.

உங்கள் மனைவியின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது ஆண்களுக்கு 8 அணிகள் இருந்தன. ஓர் அணிக்கு 24 பேர், அவர்களில் 8 பேர் வெளிநாட்டவர். மீதியுள்ள இந்தியர்களில் பின்கள வீரர்களை மட்டும் எண்ணினால் நாடு முழுவதிலிருந்தும் சில பத்துப் பேர்தான் தேறுவார்கள். நம் நாட்டில் ஹாக்கியால் பிழைக்கும் பெரும்பாலோர் ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை, ராணுவம், காவல்துறை அணிகளில் வேலை பெற்று ஆடுகிறவர்கள். ‘தொழில்முறை’ என்று நீங்கள் கேட்பதற்கு உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதுவே பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கும் படிப்பு வேண்டும். ஆகவே படிப்பா ஹாக்கியா என்ற கேள்வியே வேண்டாம். பிளஸ் டூவை ஒழுங்காக முடிக்கட்டும்; விளையாட்டு ஒதுக்கீட்டில், நல்ல ஹாக்கி அணி உள்ள கல்லூரியில் சேரட்டும். அதற்குள் பெனால்டி கார்னரில், அதாவது தடுக்கும் அணி ‘டி’க்குள் செய்யும் தவறுக்காகத் தரப்படும் வாய்ப்பில், ஏதாவது ஒரு வேலையைக் கைவசமாக்கிக்கொள்ளட்டும். பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வீசும் டிராக் ஃபிளிக் வந்தால் மிக நன்று. வராவிட்டால், எதிரணியின் ஃபிளிக்கை நோக்கி முதலில் ஓடிப்போய் மறிக்கும் வேலை. முகக்கவசமும் முழங்கால் பட்டையும் இல்லாமல் அதைப் பழகவே கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

எப்போது நிறுத்தச் சொல்வேன் என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயதிலும் இன்று செய்யும் அதே தவறை அதே இடத்தில் செய்துகொண்டிருந்தால், மாஸ்டர் திருத்தியது ஆட்டத்தில் தென்படவே இல்லை என்றால், போட்டி இல்லாத நாளில் மைதானத்துக்குப் போகச் சோம்பினால், கல்லூரி அணியோடு மகிழ்ச்சியாக ஆடட்டும் என்று நானே சொல்லிவிடுவேன். இன்றைக்கு அதைச் சொல்ல எந்தக் காரணமும் உங்கள் கடிதத்தில் இல்லை.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். சாப்பாட்டு வேளையில், கடைசியாக ஆடிய ஆட்டத்தில் அவன் அணி வாங்கிய ஒரு கோல் எப்படி விழுந்தது என்று கேளுங்கள். திட்டுவதற்காக அல்ல, கதை கேட்பதைப் போல. “கீப்பர் விட்டுவிட்டான்” என்று முடித்துவிட்டால், அவன் இன்னும் ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கவில்லை. மாஸ்டர் கற்றுக்கொடுக்க நேரம் இருக்கிறது. கோலிலிருந்து பின்னோக்கிப் போய், அதற்கு முந்தைய பாஸ், அதற்கும் முன் நடுக்களத்தில் யார் யாரை விட்டுவிட்டு நகர்ந்தார், அப்போது தான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அவனாகவே சொல்லிக்கொண்டு வந்தால், அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்து மாஸ்டரிடம் காட்டுங்கள். மாஸ்டரும் அதே இடத்தைச் சுட்டிக்காட்டினால், எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அவன் ஆடும் அடுத்த மாவட்டப் போட்டிக்கு நானே வந்து பார்க்கிறேன்.