வீட்டில் டிரேடிங்: எத்தனை மானிட்டர், எந்த போர்ட்?

பங்குச் சந்தையில் இன்ட்ரா டே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்கிறேன். சார்ட், ஆப்ஷன் செயின் (கால், புட் எனப்படும் வாங்கும், விற்கும் உரிமைகளின் விலைப் பட்டியல்), ஆர்டர் விண்டோ மூன்றையும் ஒரே லேப்டாப் திரையில் மாற்றி மாற்றிப் பார்ப்பது சிரமமாக இருக்கிறது. நான்கு மானிட்டர் வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

இரண்டில் தொடங்குங்கள். ஒன்றில் சார்ட், மற்றதில் ஆப்ஷன் செயினும் பொசிஷனும் (இன்னும் முடிக்காத வர்த்தகங்கள்). ஆர்டர் போடும் விண்டோ எப்போதும் முகத்துக்கு நேரே உள்ள திரையில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஆர்டர் போட்டால்தான் அளவில் தவறு வரும்.

24 அங்குலம் என்றால் 1920×1080 போதும். 27 அங்குலத்தில் அதே 1080 வாங்காதீர்கள். எழுத்து பெரிதாகித் தெளிவு குறையுமே தவிர, கூடுதலாக ஒரு வரிகூடத் திரையில் அடங்காது. 27-க்கு 2560×1440 தான் சரியான ஜோடி. அதே அளவில் 4கே வாங்கினால் எழுத்து மிகச் சிறிதாகத் தெரியும். விண்டோஸில் 150 சதவிகிதம் பெரிதாக்குவீர்கள். அப்போது கிடைக்கும் இடம் 1440 திரையின் அளவுதான். எழுத்து கூர்மையாக இருக்கும், அவ்வளவே. 144 ஹெர்ட்ஸுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். புரோக்கர் ஆப்பில் விலை மாறுவது நொடிக்குச் சில முறைதான். 60 ஹெர்ட்ஸ் தாராளம். பக்கவாட்டில் வைக்கும் திரை ஐ.பி.எஸ். பேனலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாய்வாகப் பார்க்கும்போது சிவப்பும் பச்சையும் வெளிறும்.

மூன்றாவதைச் செங்குத்தாக நிறுத்தினால் வாட்ச்லிஸ்ட்டுக்கு நன்றாக இருக்கும். ஆப்ஷன் செயினுக்கு அது பொருந்தாது. கால், புட் இரு பக்கமும் நெடுவரிசைகள் அதிகம் என்பதால் 1080 புள்ளி அகலத்தில் ஓரம் வெட்டுப்படும். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 54 செ.மீ. இரண்டு மானிட்டர்கள் 4 அடி மேசையில் அடங்கும், மூன்றை நேர்வரிசையில் வைக்க 5½ அடியாவது வேண்டும். மேசையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மேக்புக் ஏர் எம்1 வைத்திருக்கிறேன். இரண்டு எச்.டி.எம்.ஐ. உள்ள யூ.எஸ்.பி. சி ஹப் வாங்கி இரண்டு மானிட்டர் இணைத்தேன். இரண்டிலும் ஒரே படம் வருகிறது. ஹப் பழுதா?
- வாசகி, மதுரை

ஹப் நன்றாகவே இருக்கிறது. இதில் இரண்டு தடைகள் உள்ளன. இவ்வகை ஹப்கள் எம்.எஸ்.டி. என்ற முறையில் எச்.டி.எம்.ஐ. போலப் படம் அனுப்பும் ஒரே டிஸ்பிளே போர்ட் இணைப்பை இரண்டு தனித்தனித் திரைகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. விண்டோஸ் அதை ஏற்கும், மேக் ஓ.எஸ். ஏற்காது, ஒரே படத்தைத்தான் இரண்டுக்கும் அனுப்பும். இரண்டாவதாக, ஏர் மாடலில் எம்1, எம்2 சிப்கள் வெளியே ஒரு மானிட்டரை மட்டுமே இயக்கும். எம்3 ஏரில் மூடியை மூடிவைத்தால் இரண்டு. எம்4-இல் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு.

உங்களிடம் உள்ளதை வைத்தே சமாளிக்க வழி உண்டு. "டிஸ்பிளே லிங்க்" சிப் உள்ள அடாப்டர் வாங்குங்கள். அது படத்தை மென்பொருளால் சுருக்கி யூ.எஸ்.பி. தரவாக அனுப்புகிறது. அதன் மென்பொருளை நிறுவி, சிஸ்டம் செட்டிங்கில் திரைப் பதிவு அனுமதி கொடுக்க வேண்டும். பிராசஸருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனாலும் சார்ட் பார்க்கப் போதும்.

விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களும் கவனிக்க: எல்லா யூ.எஸ்.பி. சி போர்ட்டிலும் படம் வராது. மாடலின் விவரப் பக்கத்தில் "டிஸ்பிளே போர்ட் ஆல்ட் மோடு" அல்லது தண்டர்போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் எந்தக் கணினியிலும் ஒரே படத்தைத்தான் நகலெடுக்கும்.

டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறேன். மூன்று மானிட்டருக்கு கேமிங் கிராபிக்ஸ் கார்டு அவசியம் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
- வாசகர், கோவை

இல்லை. சார்ட் வரைவதற்கு அந்த வலு தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியது போர்ட்டுகள். இன்டெல் பிராசஸரின் உள் கிராபிக்ஸே மூன்று திரைகளைத் தாங்கும். ஆனால் மதர்போர்டில் பெரும்பாலும் இரண்டு போர்ட்தான் இருக்கும். பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸே கிடையாது, அதையும் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது திரைக்கு என்விடியா டி400 போன்ற சிறிய கார்டு போதும்: மூன்று மினி டிஸ்பிளே போர்ட், 30 வாட், தனி பவர் கேபிள் வேண்டாம். நான்கு திரை என்றால் டி600. ஒல்லியான கேபினட்டாக இருந்தால் குட்டையான பிராக்கெட்டும் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். மினி டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சாதாரண கேபிள் அந்தத் திசையில் மட்டுமே வேலை செய்யும். கணினியில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டிஸ்பிளே போர்ட் என்றால் அதே கேபிளைத் திருப்பிச் செருகிப் பயனில்லை.

கார்டு போட்ட பிறகு மதர்போர்டு போர்ட்டில் செருகிய மானிட்டர் கருப்பாகிவிடலாம். பல போர்டுகளில் கார்டைக் கண்டதும் உள் கிராபிக்ஸ் தானே அணைந்துவிடுவதுதான் காரணம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) "ஐஜிபியு மல்டி மானிட்டர்" என்பதை இயக்கினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

மிச்சமாகும் பணத்தில் ரேமை 16 ஜி.பி. ஆக்குங்கள். பத்து சார்ட் டேப்கள் திறந்திருக்கும்போது திணறுவது பெரும்பாலும் ரேம்தான். பழைய ரீஃபர்பிஷ்டு பெட்டி வாங்குவதானால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதற்கும் பழைய சிப்களை ஏற்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யூ.பி.எஸ். வேண்டுமா?
- வாசகர், திருநெல்வேலி

வேண்டும். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்தக் கணத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். இன்வெர்ட்டரில் "யூ.பி.எஸ்." மோடு இருந்தால் அதில் வையுங்கள், அப்படியும் நடுவே ஒரு சிறிய யூ.பி.எஸ். இருப்பது நல்லது.

கணக்கு எளிது. கணினி சுமார் 80 வாட், இரண்டு 24 அங்குல மானிட்டர் 50, ரவுட்டர் 10, மொத்தம் 140. 600 வி.ஏ. யூ.பி.எஸ். சுமார் 360 வாட் வரை தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இந்தச் சுமைக்குப் பத்து நிமிடம் போல ஓடும். பொசிஷனை மூட அது போதும். பலரும் மறப்பது ரவுட்டரை: திரை எரியும், நெட் இருக்காது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் பேட்டரி உள்ள சாக்கெட்டில் இருக்கட்டும். சில யூ.பி.எஸ்.களில் பாதி சாக்கெட்டுகளுக்கு பேட்டரி இணைப்பு கிடையாது, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். வேறு நிறுவன சிம் போட்ட மொபைலில் ஹாட்ஸ்பாட்டையும், புரோக்கரின் தொலைபேசி ஆர்டர் எண்ணையும் தயாராக வையுங்கள். ஸ்டாப் லாஸை (நட்டம் கூடாமல் வெளியேறும் விலை) மனதில் வைத்துக்கொள்ளாமல் ஆர்டராகவே போட்டுவிடுங்கள். கணினி அணைந்தாலும் அது எக்ஸ்சேஞ்சில் நிற்கும்.

பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை சுவர் பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள், பிற்பகல் 3.30-க்குச் சந்தை முடிந்த பிறகு.