எண்ணெய் மூடியில் தே தாரேக் நுரை

கேள்வி: தினமும் மகனைத் தமிழ்ப்பள்ளியில் விட்டு வருகிறேன், போய்வர நான்கு கிலோமீட்டர். கார் அதற்கு மேல் ஓடுவதில்லை. சென்ற வாரம் எஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே வெளிர்மஞ்சள் பசை. "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்கிறார் பட்டறைக்காரர். உண்மையா, ஐயா?
— வாசகி, ரிங்லெட்

பதில்: எஞ்சினில் யாரையும் கைவைக்க விடாதீர்கள், அம்மா. ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினுக்குள் ரேடியேட்டர் நீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் தகடு. முதலில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். கம்பியில் எண்ணெய் தெளிவாக இருந்து, மூடியில் மட்டும் பசை என்றால், என் சந்தேகம் உங்கள் நான்கு கிலோமீட்டர்மீதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பட்டறையில் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் நழுவி எண்ணெய் அறைக்குள் இறங்கும். கேமரன் மலைக் குளிரில் விறைத்துக் கிடக்கும் இரும்பில் அந்த ஆவி பட்டால், சோற்றுப் பானை மூடிபோல் வியர்க்கும். அது எண்ணெயோடு கலந்து, தே தாரேக் எனும் ஆற்றிய பால் தேநீரின் நுரைபோல் ஆகிறது.

எண்ணெய் நன்றாகக் காய்ந்தால் நீர் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் மீட்டர் காட்டுவது ரேடியேட்டர் நீரின் சூட்டை. எண்ணெய் மெதுவாகத்தான் சூடேறும். பள்ளி வாசலில் அது வெறும் வெதுவெதுப்பு.

தேயிலை லோரிகள் வந்தால் என் முதலாளி தகரக் கரண்டியைக் காய்ச்சி, கம்பியிலிருந்து ஒரு சொட்டு விடுவார். தண்ணீர் இருந்தால் கடுகு தாளித்ததுபோல் படபடக்கும். கண்ணில் தெறிக்கும், நீங்கள் செய்ய வேண்டாம்.

பசையைத் துடைத்துவிட்டு, ரேடியேட்டரின் பக்கத்துத் தொட்டியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கி ஏறி வாருங்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையில்லை. ஏற்றம்தான் எண்ணெயைக் காய்ச்சும். அதன் பிறகு மூடி சுத்தமாக இருந்தால் கேஸ்கெட் பேச்சை விடுங்கள். கோட்டுக்குக் கீழே நீர் இறங்கிக்கொண்டே போனாலோ, கம்பியில் எண்ணெய் பால்போல் வெளுத்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டாலோ பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

கடையில் மின்யாக் ஹீத்தாம் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த எஞ்சின் எண்ணெயை இனி கிலோமீட்டர் பார்த்து மாற்றாதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.