சபைகள் பல, பேரேடு ஒன்று: வாசகர் கேள்வி-பதில்

மலையூர்களில் உள்ள திருச்சபைகள் தத்தம் வழிபாட்டு முறைகளை விட்டுக்கொடுக்காமல், தங்கள் ஊரில் வறுமையில் இருப்போருக்கு ஒன்றுசேர்ந்து உதவ முடியுமா என்பது குறித்து வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆர்.சி. (கத்தோலிக்க) கோயில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம், நான்கைந்து பெந்தெகொஸ்தே சபைகள் என எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் வந்தால் ஒரே வீட்டுக்கு மூன்று கம்பளிகள் வந்து சேருகின்றன. ஜூன் மாதத்தில் அடுப்பெரியாத வீட்டை எட்டிப் பார்க்க ஆளில்லை. சேர்ந்து செய்யலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், காந்தல், உதகை)

பதில்: பட்டியலிலிருந்து தொடங்குங்கள், மேடையிலிருந்து தொடங்காதீர்கள். கூட்டு ஆராதனையும், கூட்டுப் பவனியும், எல்லாச் சபைப் போதகர்களும் வரிசையாக அமர்ந்து பொன்னாடை பெற்றுக்கொள்ளும் கூட்டமும் ஒற்றுமையை ஊருக்குக் காட்டலாம். ஆனால் எந்தச் சந்தில் எந்த வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்பதை அவை ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை. அது இப்போதே உங்கள் ஊரில் துண்டு துண்டாகப் பலருக்குத் தெரியும். ஆர்.சி. பங்கின் அன்பியங்கள் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களுக்குக் கொஞ்சம் தெரியும், சி.எஸ்.ஐ. சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள பகுதி) பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கொஞ்சம் தெரியும், வீட்டு ஜெபக் கூட்டம் நடத்தும் பெந்தெகொஸ்தே சகோதரிகளுக்கு மற்ற இருவருக்கும் தெரியாத வீடுகள் தெரியும். இவற்றை ஒரே பேரேட்டில் ஏற்றுவதுதான் முதல் வேலை.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். வீட்டு எண், வீட்டில் இருப்போர், முதியவரோ நோயாளியோ இருந்தால் அந்த விவரம், குடும்ப அட்டையின் வகை, கடைசியாக என்று எது கொடுக்கப்பட்டது, அடுத்து யார் போய்ப் பார்க்க வேண்டும் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மதம், சபை என்ற கலத்தை மட்டும் போடாதீர்கள். அந்தக் கலம் இருந்தால், நல்லவர்களின் கண்ணும் முதலில் அதன்மேல்தான் போகும். நோய் விவரங்களைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வீடுகளைப் பார்க்கச் செல்லும்போது இருவர் இருவராகச் செல்லுங்கள். அந்த இருவரும் வெவ்வேறு சபையினராக இருக்கட்டும். 1833-இல் பாரிஸ் நகரில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே சென்று சந்திப்பதை முதன்மைப் பணியாகக் கொண்டது. இருவராகச் செல்வது அதில் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்தைச் சபை எல்லை தாண்டி விரித்துக்கொண்டால், வீட்டிலிருப்பவருக்கு வந்தவர் எந்தக் கோயில் என்ற கேள்வியே எழாது. சேர்ந்து சென்ற இருவருக்கும் இடையே உண்டாகும் பழக்கம், எந்த ஒற்றுமைக் கூட்டத்திலும் உண்டாகாத ஒன்று.

கம்பளிக்கு வருவோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் ஊரில் கம்பளி கொடுப்பது தவறாகிவிடாது. ஆனால் கொடுப்பவரின் நாட்காட்டி பண்டிகையை ஒட்டி ஓடுகிறது. இல்லாதவரின் நாட்காட்டி கூலியை ஒட்டி ஓடுகிறது. ஏப்ரல், மே சீசன் முடிந்ததும் குதிரைக்காரர், நடைபாதை வியாபாரி, தங்கும் விடுதியில் துணி வெளுப்பவர் ஆகியோரின் வருமானம் சட்டென்று இறங்கிவிடுகிறது; அதே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது; தென்மேற்குப் பருவமழையும் பிடித்துக்கொள்கிறது. கேத்தி பாலாடா பக்கம் நள்ளிரவு தாண்டி கேரட் அறுவடைக்குப் போகிறவர்களுக்கு, அடைமழை என்றால் வேலையில்லை, வேலையில்லை என்றால் கூலியில்லை. ஆகவே உங்கள் கூட்டுக் குழு, ஆண்டு முழுவதையும் சபைகளுக்குள் பங்கிடும்போது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு முதலில் ஆள் பிடிக்க வேண்டும். டிசம்பருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் தாமாகவே வந்துவிடுவார்கள்.

கேள்வி: பிற சபைகளோடு சேர்ந்து வேலை செய்தால், அவர்களுடைய உபதேசத்தை நாம் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று எங்கள் போதகர் தயங்குகிறார். இது சரியான தயக்கமா? (வாசகி, குன்னூர்)

பதில்: தயக்கம் பழையது, அதற்கான விடையும் பழையதே. 1925-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய அனைத்துலகத் திருச்சபை மாநாட்டில், கோட்பாடு பிரிக்கும், தொண்டு சேர்க்கும் என்ற கருத்து முழக்கமாகவே ஒலித்தது. அது சற்று மிகையான நம்பிக்கை என்பதே என் கருத்து, ஏனெனில் தொண்டிலும் சண்டை வருவதைப் பார்க்கிறோம். 1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய பல சபைகளின் பிரதிநிதிகள் இன்னும் நிதானமாகப் பேசினார்கள்: மனச்சாட்சிப்படி பிரிந்தே செய்ய வேண்டியவை எவையோ அவை தவிர, மற்றவற்றையெல்லாம் சபைகள் சேர்ந்தே செய்யலாகாதா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அரிசி மூட்டையைப் பிரித்துக் கட்டுவதில் மனச்சாட்சிக்கு என்ன இடையூறு என்று உங்கள் போதகரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கத்தோலிக்கர் தரப்பில், 1964 நவம்பர் 21 அன்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஆணையேடு, பஞ்சம், வறுமை, எழுத்தறிவின்மை, வீட்டுப் பற்றாக்குறை ஆகியவற்றை எதிர்கொள்வதில் பிற கிறிஸ்தவர்களோடு ஒத்துழைக்குமாறு வெளிப்படையாகவே வலியுறுத்துகிறது. தென்னிந்தியாவிலோ, 1919-இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் ஆயர் வேதநாயகம் அசரியா முதலானோர் கூடி, சபைகள் ஒன்றிணைய வேண்டும் என்று விடுத்த அழைப்பு, பல தடைகளைக் கடந்து 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. அந்த 28 ஆண்டுகள் முடியும்வரை ஏழைகளுக்கான பணியைச் சபைகள் ஒத்திவைக்கவில்லை. இடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, பிற்பாடு பல சபைகளின் பிரதிநிதிகள் அடங்கிய மன்றம் நிர்வகிக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அம்மையார் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1960-இல் மறைந்தது நம் பழனி மலையின் கொடைக்கானலில்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று: உங்கள் போதகர் எந்தத் திருச்சபை அமைப்பையும் சாராத தனிச்சபை ஊழியராக இருந்தால், சங்கங்களும் மாநாடுகளும் எடுத்த முடிவுகள் அவரைக் கட்டுப்படுத்தமாட்டா, அவற்றை எடுத்துக்காட்டி வாதாடுவதில் பயனில்லை. கூட்டுத் திருவிருந்து இல்லை, பிரசங்க மேடையைப் பகிர்வதில்லை, ஒரு சபையார் மற்றச் சபையிலிருந்து ஆள் இழுப்பதில்லை என்ற மூன்றையும் தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள். பெரும்பாலான தயக்கம் மூன்றாவதைப் பற்றியதாகவே இருக்கும்.

கேள்வி: இங்கே தோட்டத்தில் ஓய்வு பெற்ற முதியவர்களே அதிகம் சிரமப்படுகிறார்கள். அரிசி, பருப்புப் பை கொடுத்துப் படம் எடுத்துச் செல்வதைத் தாண்டிச் சபைகள் என்ன செய்யலாம்? (வாசகர், பந்தலூர்)

பதில்: 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வழிசெய்தது. அப்படி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் கணிசமானோர் நீலகிரி ஏறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே 1976-இல் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது; ஆனால் லைன் வீடு எனப்படும் அந்தத் தோட்ட வரிசை வீடு வேலையோடு ஒட்டியது. வேலை ஓய்ந்த நாளில், அடுத்த தலைமுறையில் யாரும் அதே தோட்டத்தில் பெயர் பதியாவிட்டால், கொழுந்து பறித்தே விரல் கறுத்த ஒரு மூதாட்டிக்குத் தலைக்கு மேல் கூரை என்ன என்ற கேள்வி எழுகிறது. அரிசிப் பை அதற்கு விடையாகாது என்று நீங்கள் எழுதியிருப்பது முற்றிலும் உண்மை.

இவர்களுக்கு முதலில் வேண்டியது காகிதத்தோடு மல்லுக்கட்ட ஒரு துணை. குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, இலங்கையிலிருந்து கொண்டுவந்த பழைய அட்டையில் தந்தை பெயரோடு சேர்ந்த மூன்றாவது வடிவம் என்று இருந்தால், வருங்கால வைப்புநிதியோ பணிக்கொடையோ முதியோர் உதவித்தொகையோ அந்த ஓர் எழுத்தில் சிக்கி நின்றுவிடும். 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்த மாத உதவித்தொகை, தனித்து வாழும் முதியவருக்குச் சபைகளின் எந்தப் பண்டிகைக்காலப் பையையும்விடப் பெரிது. அது மாதம் தவறாமல் வருவது. நம் மலைச் சபைகளிடம் பணம் குறைவாக இருக்கலாம்; ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், வட்டாட்சியர் அலுவலக எழுத்தர், தபால்காரர் இல்லாத சபை அநேகமாக இல்லை. வாரம் ஒருநாள், ஒவ்வொரு சபையின் கூடத்திலும் முறை வைத்து, இவர்களில் இருவர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து மனு எழுதித் தந்து, இ-சேவை மையம் வரை கூடப் போய்வந்தால், அதற்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவுதான்.

அடுத்தது மருத்துவப் பயணம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு இடமுண்டு என்றாலும், பந்தலூரிலிருந்து உதகைக்கோ கோவைக்கோ நோயாளியோடு செல்பவரின் பேருந்துக் கட்டணம், நான்கு நாள் சாப்பாடு, அவர் இழக்கும் கூலி ஆகியவை யார் கணக்கிலும் வருவதில்லை. கோவையிலும் உதகையிலும் உங்கள் சபைகளின் சகோதரச் சபைகள் இருக்கின்றன. நோயாளி புறப்படும் அன்றே அங்கே ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், உடன் செல்பவர் மருத்துவமனை வராந்தாவில் பட்டினி கிடக்க நேராது. எல்லாச் சபைகளின் தொடர்புகளையும் ஒரே தாளில் எழுதிவைக்கும்போதுதான் ஒன்றுசேர்வதன் பலன் கண்கூடாகத் தெரியும்.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கூடலூர் பகுதியில் 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில (பழைய ஜமீன் போன்ற நிலவுடைமை) ஒழிப்புச் சட்டம் சார்ந்த, உரிமைச் சிக்கல் தீராத பிரிவு 17 நிலங்களில் குடியிருப்போருக்குப் பட்டாவோ மின் இணைப்போ வாங்கித் தருவதாக எந்தச் சபையும் வாக்களிக்க வேண்டாம். அது அரசும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டிய சிக்கல். மனு எழுதிக் கொடுக்கலாம், நம்பிக்கையை விற்கக் கூடாது.

கேள்வி: பிற மதத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கும் உதவப் போனால், மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் வருகிறதே? (வாசகி, கோத்தகிரி)

பதில்: சந்தேகப்படுவோரைக் கடிந்துகொள்வதைவிட, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடப்பது எளிது. பைக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள்; கொடுக்கும் இடத்தில் பிரசங்கம் செய்யாதீர்கள்; ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வருமாறு அன்றைக்கு அழைக்காதீர்கள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில், பசித்தவனும் நோயாளியும் சிறையிலிருப்பவனும் எந்த மதம் என்ற விசாரணையே இல்லை. முடிந்தால் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஜமாத்தாரிடமும் கோயில் கமிட்டியாரிடமும் பட்டியலைக் காட்டி, விடுபட்ட வீடுகளைச் சொல்லுமாறு கேளுங்கள். நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2009 நவம்பர் நிலச்சரிவு போன்ற பேரிடர் மறுபடியும் வந்தால், முன்பே பழகிய இந்த முகங்கள்தான் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள முடியும்.

கேள்வி: பணம் என்று வந்தால் எல்லாம் கெட்டுவிடுகிறது. பொதுக் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: இந்தச் சண்டை திருச்சபையின் தொடக்க நாட்களிலேயே வந்துவிட்டது. அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டதையும், அதற்காக எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருப்பதைக் கவனியுங்கள்: முறையிட்ட தரப்பின் கைக்கே பொறுப்பு போயிருப்பதாகத் தோன்றுகிறது. அவர்களில் முதல்வரான ஸ்தேவானின் பெயரைத்தான், 1831-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட உதகையின் பழைய ஆலயம் தாங்கியிருக்கிறது. எனவே பொருளாளர் பொறுப்பை உங்கள் ஊரின் மிகச் சிறிய சபைக்குக் கொடுங்கள். பெரிய சபைகள் இரண்டிலிருந்து இருவர் காசோலையில் கூட்டுக் கையெழுத்திடட்டும். எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைப் பவுலும் தனியே எடுத்துச் செல்லவில்லை. சபைகள் நியமித்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டார்.

வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம் உங்களில் இருந்தால், 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. அவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே நேரடியாகச் செலவிடட்டும். பொதுக் கணக்கில் உள்ளூர்க் காணிக்கை மட்டும் இருக்கட்டும். மாதக் கணக்கை எல்லா ஆலயங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒரே நாளில் ஒட்டுங்கள். அதில் பயனாளிகளின் பெயர் வேண்டாம்.

கேள்வி: கொடுப்பதைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் பலர் கொடுப்பார்கள் அல்லவா? (வாசகர், வெலிங்டன்)

பதில்: கொடுப்பார்கள். ஆனால் வாங்கியவரின் பிள்ளை அந்தப் படத்தைப் பள்ளித் தோழனின் கைப்பேசியில் பார்க்கும். மூட்டைகளைப் படம் எடுங்கள், போதும்.

கேள்வி: ஆயரும் பங்குத்தந்தையும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள். அவர்களோடு கூட்டு முயற்சியும் போய்விடுகிறது. என்ன செய்வது? (வாசகி, கூடலூர்)

பதில்: அருட்பணியாளர்களைப் புரவலர்களாக வைத்துக்கொண்டு, வேலையைச் சபையாரே நடத்துங்கள். ஒவ்வொரு சபையிலிருந்தும் இருவர், அவர்களில் ஒருவராவது பெண் என்று அமைத்தால், மாற்றல் ஆணை வந்தாலும் பேரேடு ஊரிலேயே இருக்கும். புதியவர் பொறுப்பேற்கும் வாரத்திலேயே அவரைப் பட்டியலில் உள்ள ஒரு வீட்டுக்கு, மற்றச் சபையைச் சேர்ந்த ஒருவரோடு அனுப்பிவையுங்கள். வரவேற்புக் கூட்டத்தையும் பொன்னாடையையும் அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.