பொது மருத்துவருக்குப் பயிற்சி அளித்தால் குழந்தைகளின் மனநலத்தைக் கவனிக்க முடியுமா?

சிறப்பு மருத்துவர் இல்லாத ஊரில், சில நாள் பயிற்சி பெற்ற பொது மருத்துவரும் செவிலியரும் குழந்தைகளின் மனநலத்தைக் கவனிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அந்தச் 'சில நாள்' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மனநலச் சிகிச்சையின் தேவைக்கும் உண்மையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய மனநல இடைவெளித் திட்டமும், 2010இல் வெளியிட்ட அதன் வழிகாட்டியும் இத்தகைய ஊர்களுக்கானவை. குழந்தைகளுக்கென்று அதில் தனிப் பகுதியே உண்டு.

முதலில் மாற வேண்டியது பார்வை. மனச்சோர்வுள்ள சிறுவன் "சோகமாக இருக்கிறேன்" என்று சொல்வது அரிது. எரிந்து விழுவான், வயிற்றுவலி என்பான், பள்ளிக்குப் போக மறுப்பான். ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் அவன் மீண்டும் வருவான், அல்லது வராமலே போய்விடுவான். பதின்ம வயதினரிடம் பெற்றோர் இல்லாமலும் பேச வேண்டும். எதை ரகசியமாக வைத்திருப்போம், உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வோம் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அதை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பல மருத்துவர்களுக்கு இருக்கிறது. அப்படி நேர்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. இதையெல்லாம் விரிவுரை கேட்டுக் கற்க முடியாது. ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும்.

பயிற்சி முடிந்த பிறகும் துணை வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004 முதல், குழந்தை மருத்துவர் சந்தேகம் எழுந்தால் குழந்தை மனநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அன்றே ஆலோசனை பெறலாம். உங்கள் ஊரில் பயிற்சி நடந்தால், அடுத்த மாதம் யாரை அழைப்பது என்று கேளுங்கள்.