இலங்கையின் மலைச்சரிவில் விருந்தினர் குடில்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (எல்ல): நோர்வேயில் உள்ளவை போல முன்புறம் முழுவதும் கண்ணாடியாலான, தெற்கு நோக்கிய முக்கோண மரக்குடில்கள் நான்கு கட்ட விரும்புகிறேன். வரைபடம் கைவசம் உள்ளது. நம் பகுதிக்குப் பொருந்துமா?

பதில்: அந்த வரைபடம் நோர்வேக்குப் பொருந்தும். அங்கே குளிர்காலச் சூரியன் தெற்கு வானில் தாழ்ந்து நிற்பதால் அப்பக்கக் கண்ணாடி வெயிலை உள்ளே கொண்டுவருகிறது. செங்குத்தான கூரை பனியைச் சரித்துவிடுகிறது. எல்லயில் ஏப்ரல், செப்டெம்பர் மாதங்களின் தொடக்கத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. இங்கு உங்களைச் சுடப்போவது மாலையில் மேற்கிலிருந்து வரும் வெயில்தான். இரவிலோ ஒற்றைக் கண்ணாடி, வெப்பக்காப்பு இட்ட சுவரைவிடப் பத்து மடங்கு அளவில் வெப்பத்தை வெளியே விடும். முக்கோணக் குடிலின் முகப்பில் தாழ்வாரம் இல்லாததால் சாரல் நேராகக் கண்ணாடியில் அடிக்கும். மூன்றடித் தாழ்வாரம் இல்லாத கட்டடத்தை மலையில் கட்டாதீர்கள். நோர்வேயைத்தான் பின்பற்ற வேண்டுமென்றால், வல்டாலில் உள்ள யூவெட் விடுதியைப் பாருங்கள். அதன் அறைகள் பாறையில் துளையிட்டு இறக்கிய 40 மி.மீ. உருக்குக் கம்பிகளின் மேல் நிற்கின்றன. நிலத்தை வெட்டவில்லை, பாறையை வெடிவைத்துத் தகர்க்கவுமில்லை. நம் சரிவுகளில் பெரும்பாலும் தளர்ந்த மண்ணே படிந்திருப்பதால் அதே கம்பி இங்கு உதவாது, உறுதியான அடுக்குவரை இறங்கும் தூண்கள் தேவை. நிலத்தைத் தொடாமல் விடும் அந்த மனப்பாங்கு மட்டும் இங்கும் செல்லும்.

கேள்வி (பண்டாரவளை): யூக்கலிப்டஸ் தூண்களை நேரடியாக மண்ணில் நடலாமா?

பதில்: கூடாது. கறையானும் ஈரமும் சில ஆண்டுகளில் தின்றுவிடும். கொங்கிறீட் அடியின் மேல் இரும்புக் காலணி பொருத்தி, மரத்தை நிலத்திலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள்.

கேள்வி (ஹல்துமுல்ல): பெக்கோ இயந்திரத்தால் சரிவை வெட்டிச் சமதளம் ஆக்கிவிட்டோம். பின்பக்கம் ஏறக்குறைய 15 அடி மண்சுவர் நிற்கிறது. வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிலத்தை அகலப்படுத்தினோம். மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை எந்தக் கட்டத்தில் பெறலாம்?

பதில்: பெக்கோ வருவதற்கு முன் பெற்றிருக்க வேண்டும். இத்தகைய கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. எல்லாமே வெட்டிய பிறகு எழுதப்பட்டவை. அந்த அறிக்கையைப் பிரதேச சபைக்குக் கொடுக்கும் காகிதம் என்றே பலர் எண்ணுகிறார்கள். எந்த இடத்தில் கட்டலாம், எங்கே கட்டவே கூடாது என்பதைச் சொல்வதுதான் அதன் வேலை. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்த மண்சரிவை உங்கள் பகுதியினருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

நீங்கள் செய்திருப்பதில் இரண்டு தவறுகள் உள்ளன. சரிவின் அடியை வெட்டியதால் மேலேயுள்ள மண்ணைத் தாங்கிய முட்டு போய்விட்டது. முன்னால் கொட்டிய தளர்ந்த மண் மழைநீரைக் குடித்துக் கனத்து, குடிலையும் இழுத்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். இரண்டையும் இயக்குவது தண்ணீர்தான். தேயிலைத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே கான்களை, அதாவது மழைநீர் வடிகால்களை வெட்டி, சருகும் சேறும் அடைக்காமல் ஆண்டுதோறும் வாரிவந்ததற்குக் காரணம் இதுவே. கைவிடப்பட்ட தேயிலைக் காணியை வாங்குபவர் காட்சியைப் பார்க்கிறார், தூர்ந்துபோன கானைப் பார்ப்பதில்லை. அடைமழை பெய்யும்போது குடையுடன் காணியில் நடந்து, நீர் எங்கே கானை உடைத்து வழிகிறது, எங்கே புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கி வருகிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் கான், பிறகுதான் அறை.

இப்போதைக்குக் கட்டட வேலையை நிறுத்துங்கள். வெட்டுக்கு மேலே கான் அமைத்து நீரைத் திருப்புங்கள், கொட்டிய மண்ணின் மேல் எதையும் ஏற்றாதீர்கள், பொறியியலாளரை அழைத்து, நீர் வெளியேறத் துளைகள் உள்ள தாங்குசுவரை வடிவமைக்கச் சொல்லுங்கள். ஒரு மழைமானியும் வாங்கிவையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பதே மேற்படி நிறுவனத்தின் அளவுகோல். விருந்தினருக்கு அந்த எண்கள் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி (ஊர் குறிப்பிடவில்லை): ஒரு குடிலுக்கு எவ்வளவு செலவாகும்?

பதில்: அளவு, சரிவு, ஊர், பாதை வசதி ஆகியவற்றில் ஒன்றையேனும் எழுதியிருந்தால் பதில் சொல்ல முயன்றிருப்பேன்.

கேள்வி (வட்டவளை): மழைநீர் மட்டும் போதுமா?

பதில்: உங்கள் ஊருக்கு ஆண்டுக்கு 5,000 மி.மீ. அளவில் மழை கிடைக்கிறது. 40 சதுர மீற்றர் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 160,000 லீற்றர் சேரும். இருவர் தங்கும் குடிலுக்கு நாளொன்றுக்கு 300 லீற்றர் என்றால் ஆண்டுத் தேவை 110,000 லீற்றர்தான். சிக்கல் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் வரும். அதற்காக 10,000 லீற்றர்த் தாங்கியாவது வையுங்கள். நிரம்பினால் அது பத்துத் தொன் பாரம் என்பதால் வெட்டிய விளிம்பின் மேல் வைக்கக்கூடாது. வழியும் நீரைக் கானில் சேருங்கள், சரிவில் விடாதீர்கள்.

கேள்வி (அப்புத்தளை): மலக்குழியைக் குடிலுக்குக் கீழே சரிவில் தோண்டலாமா? அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் பீலி உள்ளது.

பதில்: பீலியைப் பார்த்த பிறகும் இதைக் கேட்கிறீர்களே! அந்தத் தண்ணீரைக் குடும்பங்கள் குடிக்கின்றன. ஊறுகுழி சரிவையும் உள்ளிருந்து நனைக்கும். கசியாத தொட்டி கட்டி, தெளிந்த நீரைப் பீலியின் ஊற்றுக்கு எதிர்த்திசையில், சரிவு குறைந்த இடத்தில் கல்வாழை நட்ட சரளைப் படுகைக்குக் கொண்டுசெல்லுங்கள். இடம் இல்லையென்றால் குடில்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். உங்கள் ஊரில் ஜூன் முதல் காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்குமாதலால், கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டுவதையும் மறவாதீர்கள்.

கேள்வி (நுவரெலியா): குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: ஒருபோதும் வேண்டாம். மூடிய அறையில் கரிப்புகை தூக்கத்திலேயே கொல்லும். கூரைக்கடியில் வெப்பக்காப்பும் இரண்டு கம்பளிகளும் போதும்.